தலைக்கணக்கும் தலைமுறையும்

முன்னோரைத் தேடும் மோகம் நம்மவரிடையே வேகமாகப் பரவி வருகிறது. திருமண மலர், மணிவிழா மலர், கும்பாபிடேக மலர் ஆகிய எதனை விரித்தாலும் முதற் சில பக்கங்களை வம்சாவளி அட்டவணையொன்று பிடித்துக்கொள்கிறது. அவ்வட்டவணையின் உச்சியில் தவறாமல் ஒரு முதலியார் வீற்றிருப்பார். முதலியார் அகப்படாவிடின் ஓர் உடையார். அவரும் அகப்படாவிடின், யாழ்ப்பாண வைபவமாலை கூறும் குடியேற்றக் கதைகளிலிருந்து பிரபு ஒருவர் அழைத்து வரப்படுவார். வயலில் கூலிக்கு உழுதவன், சீவற் கத்தியோடு பனையேறியவன், பிறர் வீட்டில் அடிமை குடிமையாய்க் கட்டுண்டு கிடந்தவன் ஆகியோருள் ஒருவரேனும் எவருக்கும் பாட்டனாக இருந்ததாகத் தெரியவில்லை. இத்தீவில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டுவரை சட்டத்தின் அனுமதியோடு நிலவியது. ஆயினும் நமது மலர்களை நம்புவதாயின் அடிமைகளுக்கும் சந்ததியில்லை. அடிமைகளை ஆண்டவர்க்கும் சந்ததியில்லை. இடையே நின்ற கனவான்கள் மாத்திரம் பல்கிப் பெருகினர் போலும்!

மலையகமும் இந்நோய்க்கு விலக்கன்று. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து, கடையோ உத்தியோகமோ கைவரப்பெற்ற குடும்பங்களில் ‘நாங்கள் பெரிய கங்காணி பரம்பரை’ என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. ஒரு பெரிய கங்காணியின் கீழ் எத்தனை ஆட்கள் பிரட்டுக்களத்தில் நின்றார்கள்? அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே போனார்கள்? கணக்கு இடிக்கிறது.

கேலி இதனோடு நிற்க. முன்னோரைத் தேடுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தேடுவோர் எதனைத் தேடுகிறார்கள், தேடுமாறு ஏவியவர் யார் என்பனவே என் வினாக்கள். யாழ்ப்பாணத்துக் கனவானுக்கு வம்சாவளி ஓர் அலங்காரம். அதே சொல், ‘இந்திய வம்சாவளி’ என்ற முத்திரையாக மலையகத்து மனிதனின் நெற்றியிற் குத்தப்பட்டபொழுது, அவனுடைய வாக்கையும் குடியுரிமையையும் பறிக்கும் கருவியாயிற்று. முன்னவர் விரும்பி மரம் வரைந்தார். பின்னவனைப் பார்த்து அரசு, ‘உன் தகப்பன் இங்கு பிறந்ததற்குப் பத்திரம் காட்டு’ என்றது. உலகில் எத்தனையோ பேர் ஓய்வு நேரத்தில் செய்யும் ஒரு காரியம் இந்நாட்டிலே ஏறத்தாழப் பத்து இலட்சம் உழைப்பாளருக்குச் சோற்றுப் பிரச்சினையாக ஆக்கப்பட்டது.

பத்திரம் கேட்ட அரசு தன்னிடம் என்ன பத்திரம் வைத்திருந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

ஏட்டில் பெயர் ஏறுவதற்குச் சொத்து வேண்டும். ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளில் காணிக்குரியவனின் பெயர் இருக்கிறது. வரி வாங்குவதற்குப் பெயர் வேண்டுமல்லவா? ஆங்கிலேயர் காலத்தில் பேர்கூசன் கம்பனி வெளியிட்ட இலங்கைக் கைநூல்களில் தோட்டம் தோட்டமாக உடைமையாளர் பெயர், துரையின் பெயர், ஏக்கர் விபரம் எல்லாம் அச்சேறின. மாண்டுபோன துரைமாரையும் மறக்கவில்லை. பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி, இலங்கையில் உள்ள ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913இல் ஒரு பெருநூலாகவே வெளியிட்டார். போவர் யுத்தத்திற் சிறைப்பட்டுத் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளுக்கும் பெயர்ப்பதிவு உண்டு. தென்னாபிரிக்காவிலுள்ள அவர்தம் சந்ததியார் இன்றும் அதனைப் பார்த்துத் தம் பாட்டன்மாரை அடையாளம் காண்கின்றனர். அக்கைதிகள் இருந்த மலைத்தொடரிலேயே கோப்பிக்கும் தேயிலைக்கும் உரமாகிப் போனவர்களுக்குக் கல்லறையுமில்லை, கல்வெட்டுமில்லை. 1840களின் கோப்பிக் காலத்தில் வழியிலும் தோட்டங்களிலும் இறந்துபட்டோர் தொகை 70,000 இருக்கலாமென 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. எழுபதினாயிரம் என்பது ஒரு தொகை. அதற்குள் ஒரு பெயர்தானும் இல்லை.

பெயர் எழுதாத அரசு எண்ணிக்கை மாத்திரம் ஒழுங்காக எடுத்தது. தீவு முழுமைக்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடந்தது. 2,400,380 பேர் எண்ணப்பட்டனர். அன்றிலிருந்து பத்தாண்டுக்கொரு முறை, 1931 வரை ஒழுங்கு தவறாமல் தலைகள் எண்ணப்பட்டன. இங்கிலாந்திலும் இவ்வாறே எண்ணினார்கள். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே வீட்டுக்கு வீடு நிரப்பிய படிவங்களைப் பேணி வைத்து, நூறாண்டு கழிந்ததும் மக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 சனவரியில் திறக்கப்பட்டன. யோக்சயரிலே நிலக்கரி தோண்டியவனின் பேரன் இன்று தன் பாட்டனின் பெயர், வயது, பிறந்த ஊர், அவன் எந்த முதலாளியிடம் வேலை செய்தான் என்பது ஈறாக வாசித்துக்கொள்ளலாம். அப்பாட்டன் குடித்த தேநீருக்குக் கொழுந்து கிள்ளியவளின் பேரனுக்குக் கிடைப்பன அச்சிட்ட அறிக்கைகளிலுள்ள கூட்டுத்தொகைகளே.

ஆயினும் அக்கூட்டுத்தொகைகளை ஊமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். குடும்பத்தின் வாய்மொழியையும் காலத்தின் பொருளாதார வரலாற்றையும் அவற்றோடு சேர்த்துப் படித்தால், பெயரில்லாத எண்கள் பேசத் தொடங்குகின்றன. எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். என் தந்தையாரின் பாட்டனாரைப் பெற்ற தாய் ஒருத்தி. அவளைப் பற்றி எங்கள் வீட்டில் எஞ்சியிருந்தவை மூன்று செய்திகள்: திருச்சிராப்பள்ளிச் சீமையின் மானாவாரி நிலமொன்றைச் சார்ந்தவள், தாது வருடப் பஞ்சத்தில் ஆறேழு வயதுச் சிறுமியாகத் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு ‘கண்டிச்சீமை’க்கு நடந்து வந்தவள், எங்கள் பூட்டனாரைத் தேயிலை மலையில் பெற்றவள். இம்மூன்றுமே போதும், பஞ்சாங்கம் ஒன்று கையிலிருந்தால்.

தாது வருடம் என்பது 1876–77. அப்படியாயின் அவள் 1870ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் முதற் கணக்கெடுப்பும் 1871இல்தான் நடந்தது. அதில் அவள் கைக்குழந்தையாக இருந்திருப்பாள். அதன் பின்பு பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சோபலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர்; மாண்டுகொண்டிருக்கையிலேயே தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அவளுடைய தாய் ஊரை விட்டது ஆசையினாலன்று. ‘தேங்காய்க்கும் மாசிக்கும் ஆசைப்பட்டு வந்தவர்கள்’ என்று நம்மவரே நகையாடுவது வழக்கம். அந்நகைப்பிற்கு விடை வேண்டுவோர் அவ்வாண்டுகளின் பஞ்ச விசாரணைக் குழுவின் அறிக்கையைப் புரட்டிப் பார்க்கட்டும். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காடும் காய்ச்சலும் நிறைந்த வடபாதையில் நடந்தார்கள். அப்பாதை தொழிலாளர் வரவுக்கு மூடப்பட்டது 1899இல். ஆகவே அந்தச் சிறுமி நடந்து வந்தாள் என்ற வாய்மொழியைக் காலம் உறுதிப்படுத்துகிறது.

1881 பெப்ரவரி 17. இலங்கையில் இரண்டாவது குடிசன மதிப்பு. அவளுக்குப் பதினொரு வயதளவில் இருக்கும். அன்று இத்தீவில் எண்ணப்பட்ட 2,759,738 பேரில் அவள் ஒருத்தி. தமிழர் என்று குறிக்கப்பட்ட சுமார் 687,200 பேரிலும் ஒருத்தி. தோட்டங்களில் எண்ணும் பொறுப்பு துரைமாரிடமே விடப்பட்டது. கங்காணி தலையைக் காட்ட, துரை தாளில் கோடு கீறினார். வயது கேட்டிருப்பார்கள். ‘பஞ்சத்துக்கு முந்திப் பிறந்தது’ என்று தாய் சொல்லியிருப்பாள். தாளில் பத்து என்று விழுந்திருக்கும். அக்காலக் கணக்கெடுப்புகளில் பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் வயதினர் இயற்கைக்கு மாறாகக் குவிந்து கிடப்பதன் இரகசியம் இதுவே.

அவள் கோப்பிப் பழம் பறித்திருப்பாள். ஆனால் கோப்பி அப்பொழுதே செத்துக்கொண்டிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் ஒவ்வொரு மலையாக உண்டு முடித்தது. 1884 மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின; கைவிடவும்பட்டன. துரைக்கு நட்டமானது முதல். தொழிலாளிக்கு நட்டமானது வாங்காத சம்பளம். முன்பணக் கடன் மாத்திரம் கங்காணியின் கொப்பியில் அழியாமல் இருந்தது. வேறு தோட்டத்துக்குப் போவதாயின் கடன் விபரம் எழுதிய ‘துண்டு’ வேண்டும். சொல்லாமற் போனால் சிறைத் தண்டனை.

1891 பெப்ரவரி 26. அவளுக்கு இருபத்தொரு வயது. இப்பொழுது மலைகளில் தேயிலை. இவ்விடத்திற் சற்று நின்று செல்ல வேண்டும். ஏனெனில் எங்கள் குடும்பம் இந்நாட்டிலே வேரூன்றியமைக்கான விடை எந்த வம்சாவளி அட்டவணையிலும் இல்லை. ஒரு செடியின் சுபாவத்தில் இருக்கிறது. கோப்பி பருவப் பயிர். பழுக்கும் மாதங்களில் ஆண்கள் திரள் திரளாக வந்து பறித்துவிட்டு ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் தளிர்க்கும். சில நாளைக்கொரு முறை கிள்ளியாக வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. பெண்கள் நின்றால் குடும்பம் நிற்கும். குடும்பம் நின்றால் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, பத்து வயதில் இங்கேயே கூடை தூக்கும். இலண்டன் சந்தைக்குத் தேயிலை வேண்டியிருந்தது. ஆகவே என் பூட்டனாரின் தாய் ஊர் திரும்பவில்லை. ‘வந்தேறிகள் ஏன் திரும்பிப் போகவில்லை?’ என்று கேட்போர் அக்கேள்வியைத் தேயிலைச் செடியிடமும் அதன் பங்குதாரரிடமும் கேட்டிருக்க வேண்டும்.

1901 மார்ச்சு 1. முப்பத்தொரு வயது, இடுப்பில் என் பூட்டனார், ஒரு வயதுக் குழந்தை. அதற்கு முன்னும் பின்னும் பிறந்து இறந்த பிள்ளைகள் எந்த மதிப்பிலும் அகப்படவில்லை. பத்தாண்டுக்கொரு முறை வீசும் வலையில், இரண்டு வீச்சுகளுக்கிடையே பிறந்து மறைந்த மீன்கள் எப்படி அகப்படும்? அவ்வாண்டின் குடிசன மதிப்பை நடத்தி அறிக்கை எழுதியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பிற்காலத்தில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை 1919இல் அமைத்துத் தோட்டத் தொழிலாளரின் தண்டனைச் சட்டங்களை எதிர்த்தவரும் அவரே. அவருடைய கணக்கில் தமிழர் தொகை ஏறத்தாழ 951,700. யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், தோட்டத்தார் என்று அத்தொகை இன்னும் பிளக்கப்படவில்லை. என் பூட்டனாரின் தாயும் பருத்தித்துறைப் பண்டிதர் ஒருவரும் அன்றிரவு ஒரே நிரலில் இருந்தனர்.

1911 மார்ச்சு 10. இவ்விரவில்தான் கோடு விழுந்தது. டென்காம் என்ற அதிகாரியின் பொறுப்பில் நடந்த அக்கணக்கெடுப்பு, தமிழரை முதன்முறையாக ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ எனப் பிரித்து எண்ணியது. முன்னவர் சுமார் 528,000. பின்னவர் சுமார் 531,000. நாற்பத்தொரு வயதான அவள் இரண்டாம் நிரலில் விழுந்தாள். அவளோடு, இம்மண்ணிற் பிறந்து கடலையே காணாத பதினொரு வயது மகனும் அதே நிரலில் விழுந்தான். பிறந்த இடமன்று, பிரித்தோர் கொண்ட ‘இனம்’ என்ற கருத்தே அளவுகோலாயிற்று.

இங்கே ஓர் உண்மையை வாசகர் கவனிக்க வேண்டும். 1881, 1891, 1901, 1911 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் கணக்கெடுப்பு ஒரே நாளில் நடந்தது. ஒருவர் ஓர் இரவில் ஒரு நாட்டில்தான் எண்ணப்பட முடியும். இவள் நான்கு முறையும் இலங்கையில் எண்ணப்பட்டாள். இந்தியப் பேரரசின் கணக்கில், அவள் கைக்குழந்தையாயிருந்த 1871க்குப் பின்னர் ஒரு தடவையேனும் இல்லை. அரசின் சொந்த ஏடு நான்கு தடவை ‘இங்கிருக்கிறாள்’ என்று சாட்சி சொன்னது. நான்காம் தடவை அதே ஏடு அவளை ‘இந்தியள்’ என்றது. 1921 மார்ச்சிலும் அவள் எண்ணப்பட்டிருக்க வேண்டும். துண்டு முறை ஒழிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அதற்கடுத்த கணக்கெடுப்பைக் காண அவள் உயிரோடிருக்கவில்லை என்று வீட்டில் சொல்லுவார்கள்.

தாளிலே கீறிய கோடு முப்பத்தேழு ஆண்டுகளில் மதிலாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சவழிப் பிரசையாவதற்கு அவனுடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாயைப் பற்றிப் பேச்சே இல்லை. மணவுறவுக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்கு மட்டுமே தாய் கணக்கிற் கொள்ளப்பட்டாள்! ஐந்து தலைமுறைத் தாய்மார் இம்மலைகளிற் கொழுந்தெடுத்துச் செத்திருந்தாலும் சட்டத்தின் முன் அவர்கள் பிறக்கவேயில்லை. தாய்வழியும் செல்லும் என்று சட்டம் திருந்துவதற்கு 2003ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

என் பாட்டனார் 1930இற் பிறந்தவர். அவர் தந்தை 1900இல் இங்கு பிறந்தவர். அப்படியானால் அச்சட்டத்தின் சொற்களின்படியே, 1948 நவம்பர் 15 காலையில் அவர் இந்நாட்டின் பிரசை. ஆனால் தந்தையின் பிறப்புக்கு எழுத்தாதாரம் கேட்டார்கள். பிறப்புப் பதிவு இத்தீவில் கட்டாயமானது 1897இல். தோட்டத்துப் பிறப்பை அறிவிப்பது துரையின் கடமை. தாய் தன் கடமையைச் செய்தாள்: பெற்றாள். துரை தன் கடமையைச் செய்தாரா என்பதற்குப் பிள்ளையைத் தண்டிப்பது எந்நாட்டு நீதி? தோட்ட அலுவலகத்தில் அவ்வாண்டுப் புத்தகம் இல்லையென்று கைவிரித்தனர். பின்னர் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார்கள். அதற்கு விண்ணப்பிப்பதற்கே, தன் மூலம் இந்தியா என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். செக்ரோலில் இருந்த பெயருக்கும் விண்ணப்பத்தில் எழுதிய பெயருக்கும் ஓரெழுத்து வேறுபாடு. விண்ணப்பம் தள்ளப்பட்டது. ஆங்கிலம் மாத்திரம் அறிந்த ஒருவர் காதால் கேட்டு எழுதிய பெயருக்கும், தமிழ் தெரிந்த ஒருவர் எழுதிய பெயருக்கும் ஓரெழுத்துத்தானா வேறுபடும்!

இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமன்று. அச்சட்டத்தின் கீழ் சுமார் 237,000 விண்ணப்பங்கள் சென்றன. அவற்றில் அடங்கியோர் சுமார் 825,000. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000.

‘சட்டம் எல்லோர்க்கும் பொதுவானதுதானே’ என்பார் உண்டு. 1953இல் கோமறைக் கழகமும் கொடக்கன் பிள்ளை வழக்கில் சட்டத்தைச் செல்லுபடியாக்கியது. பொதுவான சட்டந்தான், ஆனால் தந்தையின் பிறப்புச் சான்றைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர் யார்? மாத்தறைக் கமக்காரனிடமோ சாவகச்சேரிக் கமக்காரனிடமோ அதனைக் கேட்டவருண்டா? கேட்டிருந்தால் அவர்களுள் எத்தனை பேரிடம் அது இருந்திருக்கும்? ‘அவர்கள் வந்து போகும் கூலிகள்’ என்ற மற்றொரு வாதத்துக்கு டொனமூர் ஆணைக்குழுவே 1928இல் விடை சொல்லிவிட்டது: தோட்டத் தமிழருள் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது வரையானோர் நிரந்தரமாகக் குடியிருப்போர் என்று அது கருதியது. 1939 ஆகத்தில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. அதன்பின் தோட்டங்களில் கேட்ட குழந்தை அழுகுரல் எந்தக் கப்பலில் வந்தது?

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கையுயர்த்தியோருள் வடக்கின் தலைவர்களும் இருந்தனர். அவர்தம் குடும்ப மலர்களில் இச்செய்தி இடம்பெறுவதில்லை. இடதுசாரிகள் அன்று எதிர்த்து நின்றனர். அது நமக்குப் பெருமை. ஆனால் 1964 ஒக்ரோபரில் 975,000 மனிதர்களை 525,000, 300,000, மிச்சம் 150,000 என்று இரு நாடுகள் பங்கு பிரித்தபொழுது, அந்த அரசாங்கத்தில் நம்மவர் சிலர் மந்திரிகளாக அமர்ந்திருந்தனர். அதனை விழுங்கிக்கொண்டு பெருமையை மட்டும் பேசுவது முற்போக்காகாது. மிச்சமென நின்ற 150,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். என் பாட்டனாரின் உடன்பிறந்தார் ஒருவர் இந்தியப் பங்கில் விழுந்தார். தலைமன்னாரில் கப்பலேறியபோது, அவருடைய குடும்பத்தில் அக்கடலைக் கடந்த கடைசி ஆள் அந்தப் பஞ்சத்துச் சிறுமியே. இடையில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் நாடற்றவர் என்ற நிலை ஒழிந்தது உண்மை. எண்களின் கதை ஒழியவில்லை. 1971இல் 1,174,900 ஆக இருந்த ‘இந்தியத் தமிழர்’ 1981இல் 818,700 ஆயினர். கப்பலேறியோர் போக, ‘இலங்கைத் தமிழர்’ என்று தம்மைப் பதிந்துகொண்டோரும் அக்குறைவில் அடங்குவர். 2012இல் சுமார் 839,500. 2024இல் 600,400 அளவில். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அட்டவணையில் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் பழைய பெயரின் பக்கத்திற் சேர்ந்துகொண்டது. சேர்ந்துகொண்டதே தவிர, பழையதை அகற்றவில்லை. நூற்றுப்பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்பும் டென்காமின் கோடு அந்தத் தாளில் கிடக்கிறது.

தோழர்களில் ஒருசாரார், ‘பாட்டன் பூட்டன் கதை குட்டி முதலாளித்துவப் பொழுதுபோக்கு, வர்க்கத்தின் வரலாறு போதும், தனியாளின் வரலாறு எதற்கு?’ என்பர். முதலியார் மரங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள், அச்சலிப்பு எனக்குமுண்டு. ஆனால் பிழை தேடுதலில் இல்லை. முதலியாரைத் தேடுபவன் வரலாற்றிலிருந்து தன்னைப் பிரித்து உயர்த்திக்கொள்ளத் தேடுகிறான். கொழுந்தெடுத்தவளைத் தேடும் மாணவனுக்கோ, ஒவ்வொரு படியிலும் ஓர் உற்பத்தி உறவு எதிர்ப்படுகிறது: பஞ்சம், கங்காணிக் கடன், இலைநோய், இலண்டன் விலை, துண்டு, பிரசாவுரிமை. வகுப்பறையில் ‘பெருந்தோட்டப் பொருளாதாரம்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் கொட்டாவி விடும் பிள்ளை, ‘உன் பாட்டியின் பாட்டி 1881இல் எங்கிருந்தாள்?’ என்று கேட்டால் நிமிர்ந்து உட்காருகிறது. மலையகப் பாடசாலையொன்றில் கற்பிப்பவன் என்ற முறையில் இதனைச் சொல்கிறேன்.

எனவே கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். தோட்ட அலுவலகங்களில் செக்ரோல்களும், பேர்ப்பதிவுப் புத்தகங்களும், பிறப்பு இறப்புக் குறிப்புகளும் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டன. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. நிலத்துக்கும் இயந்திரத்துக்கும் பொறுப்பேற்றவர்கள் அப்புத்தகங்களுக்கும் பொறுப்பாளிகளே. எனக்குத் தெரிந்த தோட்டமொன்றில், அலுவலகத்தைப் புதுக்கியபோது பழைய செக்ரோல்கள் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்குப் போயின. தள்ளிவிட்ட தொழிலாளர்கள் அது என்ன புத்தகமென்று அறியார்; தள்ளச் சொன்னவர் அறிந்திருந்தார். இப்புத்தகங்களைத் தேசிய சுவடிகள் திணைக்களம் பொறுப்பேற்றுப் பெயர்வரிசைப்படுத்தித் திறக்க வேண்டும்.

அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சென்ற 237,000 விண்ணப்பங்கள் எவை? தந்தை யார், தாய் யார், எவ்வூர், எத்தோட்டம், எவ்வாண்டு, எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொரு குடும்பமும் தன் கையால் எழுதிக் கொடுத்த வரலாறு அது. அம்மக்களின் பெயர்களை முதன்முறையாகப் பெருந்தொகையில் இவ்வரசு கேட்டு வாங்கியது அவர்களைத் தள்ளுவதற்காகவே என்பது கசப்பான உண்மை. தள்ளிய கோப்புகளைத் திருப்பிக் கேட்பது சந்ததியாரின் உரிமை. எந்தக் கட்டடத்தில், எந்த இறாக்கையில் அவை இருக்கின்றன என்று அரசு பகிரங்கமாக அறிவிக்கட்டும். தகவலறியும் சட்டம் 2016இல் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு ஆசிரியரும் மாணவரும் போதும்.

கோப்பு வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியது, லயத்துக் காம்பிராக்களில் இன்னும் உட்கார்ந்திருக்கும் கிழவிகளிடம் போவது. ஆண்டு கேட்க வேண்டாம். எந்தப் பஞ்சம், எந்தக் கொள்ளைநோய், எந்தத் துரை காலம் என்று கேளுங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கேட்க வேண்டாம். தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயரைக் கேட்டெழுதி, பேர்கூசன் கைநூலோடு ஒப்பிடுங்கள். தாய்வழியை விட்டுவிடாதீர்கள். வீட்டில் தகரப் பெட்டி இருந்தால் அதனடியில் மடித்துக் கிடக்கும் காகிதம் எதுவாயினும், விண்ணப்பம் தள்ளப்பட்டதாக வந்த கடிதமாயினும், படமெடுத்து வையுங்கள்.